பூட்டுப்பேதி என்றால் என்ன

என் மகன் என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போய்விடப் பார்த்தான். திருத்தணி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அவன் இருக்கிற ஃப்ளாட்டில் ஒரு அறையில் என்னை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. எனக்குக் கை கால் நன்றாக இருக்கிறது. கண் ஆபரேஷன் முடிந்து பார்வை தெளிவாக இருக்கிறது. மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் காய் வாங்கி, நானே சமைத்து நானே சாப்பிடுகிறேன். கோளாறு என் பேச்சில் என்றார்கள். நான் பேசுகிற சில வார்த்தைகள் எந்த ஊரிலும் இல்லாத வார்த்தைகளாம்.

இல்லாத வார்த்தைகள்தான். இருந்திருந்தால் நான் ஏன் மெனக்கெட்டு உண்டாக்கப் போகிறேன்?

நானும் என் நாத்தனாரும் சேர்ந்து உண்டாக்கியவை அவை. என் வீட்டுக்காரரின் தங்கை அவள், பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஒருமுறை இரண்டு பேரும் திருச்சானூருக்குக் கிளம்பித் திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்தோம். ஜன்னலோரம் ஒரு அம்மாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, நெற்றியில் பெரிய குங்குமம். தெலுங்குக்காரி என்று நானாக முடிவு கட்டி, எதுவரைக்கும் போகிறாள் என்று தெலுங்கிலேயே கேட்டேன். "ஏமண்டி, எக்கடிதாகா?" அவளும் தெலுங்கில் பதில் சொன்னாள். நகரி தாண்டியும் பேச்சு ஓயவில்லை. அவள் மருமகளைப் பற்றி, என் முட்டி வலியைப் பற்றி, எல்லாம் தெலுங்கில். எனக்குத் தெரிந்த தெலுங்கு முழுக்கத் தீர்ந்து, தெரியாததையும் பேசிக்கொண்டிருந்தேன். புத்தூர் கிட்டே அவள் போன் அடித்தது. "ஆங், சொல்லு கண்ணு. அரிசி ஊறிகினுதான் கீது, நீயே ஆட்டி வச்சிடு. நான் சாயந்திரம் கண்டிகைக்கு வந்துடறேன்," என்றாள்.

தமிழச்சி. அதுவும் எங்கள் நிலம் இருக்கிற கே.ஜி.கண்டிகைக்காரி. என்னைத் தெலுங்குக்காரி என்று நினைத்துக்கொண்டு அவளும் அவ்வளவு நேரம் கஷ்டப்பட்டிருக்கிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழித்தோம். தமிழுக்குத் திரும்ப இருவருக்கும் வெட்கம். திருப்பதி வரைக்கும் தெலுங்கிலேயே பேசி, "வஸ்தானண்டி" என்று விடைபெற்றுத்தான் இறங்கினோம். நாத்தனார் பஸ் ஸ்டாண்டில் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, இதுக்குப் பேரு ஏமண்டிமுழி," என்றாள்.

அதிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம். எங்கள் குடும்பத்தில் ஒருத்தி தடுக்கி விழுந்தால், கை கொடுப்பதற்கு முன்னால் "பாத்து வரக்கூடாதா" என்று கேட்பார்கள். பேர் ஒன்று வைத்துவிட்டால் அந்தக் கேள்வி உறைக்காது. சளி இருமல் மாதிரி அந்தத் தடுமாற்றமும் வரும், போகும். நம் தப்பு இல்லை. படி முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து முதுகெலும்பு வரைக்கும் அதிருமே, அது இல்லாப்படி. மலைமேல் கோயிலில் யாரோ நமக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்துக் கும்பிட, நாம் பல்லெல்லாம் காட்டித் திருப்பிக் கும்பிட்டால் ஓசிக்கும்பிடு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போன பிறகு, பூட்டினோமா இல்லையா என்று வயிற்றைக் கலக்கும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் அடங்கும். அது பூட்டுப்பேதி. அது நான் வைத்த பேர். நாத்தனார் தான் வைத்ததாகச் சொல்லுவாள், நம்ப வேண்டாம்.

இவற்றை எங்கள் இரண்டு பேருக்குள்தான் வைத்திருந்தோம். ஒருநாள் மகன் போன் செய்து, "ஏம்மா இவ்ளோ நேரம் எடுக்கல?" என்று கேட்டபோது வாய் தவறிவிட்டது. மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன், பூட்டுப்பேதி வந்துவிட்டது, திரும்பி வந்து மறுபடி கிளம்பினேன், மார்க்கெட் வாசலில் இல்லாப்படி, கால் லேசாகச் சுளுக்கு என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். மருமகள் போனை வாங்கினாள்.

"அத்தை, பேதியா? எப்பலேர்ந்து?"

"அது அந்தப் பேதி இல்லம்மா."

"வேற எந்தப் பேதி அத்தை?"

அவள் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். வயதானவர்களுக்கு மறதி நோய் வந்தால், தெரிந்த வார்த்தை மறந்துபோய், இல்லாத வார்த்தையாகச் சொல்லுவார்களாம். கெட்ட எண்ணத்தில் அவள் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னாள். அதனால்தான் என்னால் அவளிடம் கோபப்படவும் முடியவில்லை, பேசி ஜெயிக்கவும் முடியவில்லை. நாங்கள் வியாதி மாதிரி பேர் வைத்தோம். அவர்கள் அதை வியாதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை லோக்கல் ட்ரெயினில் மகன் வந்து இறங்கினான். டீ கூடக் குடிக்காமல் என்னை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், சொன்னேன். பேனாவைக் காட்டினார், பேனா என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"உங்க கண்ணாடி. என்னுது வூட்ல கீது," என்றேன்.

மகன் சும்மா இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "டாக்டர், பூட்டுப்பேதின்னு ஒண்ணு சொல்றாங்க," என்றான்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"வெளிய கிளம்பும்போதெல்லாம் வரும்," என்றேன், யோசிக்காமல்.

அவர் எழுதிக்கொண்டார். அதன்பிறகு நான் உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பூட்டு என்றால் இன்னது, வயிற்றைக் கலக்குவது ஏன், அதனால் பேதி என்று. விளக்கம் சொல்லச் சொல்ல வார்த்தை நமுத்துப்போன அப்பளம் மாதிரி ஆகிக்கொண்டே போனது. டாக்டரும் சிரிக்கவில்லை, மகனும் சிரிக்கவில்லை. "இப்போதைக்கு பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா இந்த வயசுல தனியா இருக்கறத பத்தி கொஞ்சம் யோசிங்க," என்றார் டாக்டர். மகன் காதில் இரண்டாவது பாதி மட்டும்தான் விழுந்தது.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் கேட்டான். "நீயே வெளையாட்டுக்கு உண்டாக்கினதுன்னா, வேற யாருக்காவது தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

"உங்க அத்தைக்குத் தெரியும் நைனா. கேட்டுப் பாரு."

அவ்வளவு தைரியமாகச் சொன்னேன். வீட்டுக்குள் வந்ததும் அவன் பள்ளிப்பட்டுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான். "அத்தே, அம்மா ஒரு வார்த்தை சொல்றாங்க. உங்களுக்கும் தெரியுமாமே. பூட்டுப்பேதின்னா இன்னா?"

டம்ளர் வைக்கிற சத்தமும், யாரோ ஆம்பளைகள் பேசுகிற சத்தமும் கேட்டது. பிறகு நாத்தனார் பேசினாள். அது அவள் குரலே இல்லை. கல்யாண வீட்டில் வாசலில் நின்று வரவேற்கிற குரல். "எனக்குத் தெரியாதே நைனா. அண்ணிக்கு வயிறு சரியில்லையா? ஓமத்தண்ணி வச்சிக் குடுங்க. நான் அப்புறமா பேசறேன்."

மகன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பாவம் என்று பார்த்தான். நான் பெற்ற பிள்ளை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அடுத்த வாரம் வண்டி எடுத்துகினு வரேம்மா. துணிமணி எல்லாம் எடுத்து வை."

"நான் எங்கயும் வரல."

"உனக்கு ஏதாவது ஆச்சின்னா நான் அங்கேர்ந்து ஓடி வர்றதுக்குள்ள இன்னா ஆவும்னு நெனைச்சிப் பாத்தியா?"

அது நியாயமான பயம். ஆனால் அந்த நியாயமான பயத்துக்கு அவன் வைத்த சாட்சி தப்பான சாட்சி. அதை எப்படிச் சொல்லி விளங்க வைப்பது?

சாயந்திரம் நாத்தனாரே கூப்பிட்டாள். இப்போது அவள் சொந்தக் குரல். "பேத்திய பொண்ணு பாக்க வந்திருந்தாங்க அண்ணி. மாப்பிள்ளையோட அம்மா கையில கேசரிய வச்சிகினு என் வாயையே பாத்துகினு உக்காந்திருக்கா. நான் எப்படி பேதின்னு ஆரம்பிப்பேன்?"

"எழுந்து உள்ள போயி பேசத் தெரியாதா உனக்கு? என் வூடே போவுது இங்க."

"எனக்கு அது எப்படி அண்ணி தெரியும்? குடு, பிள்ளைகிட்ட நானே சொல்றேன்."

மகனிடம் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். பஸ்ஸையும் சொன்னாள், கண்டிகைக்காரியையும் சொன்னாள், பூட்டுப்பேதி தான் வைத்த பேர் என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னாள். அவன் ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "உன் மனசு நோவக்கூடாதுன்னு அத்தை சமாளிக்கறாங்கம்மா," என்றான்.

பொய் சொன்னபோது நம்பினான். உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நாத்தனாரிடம், இனி என்னோடு பேச வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவன் கிளம்புவதற்கு முன்னால் நான்தான் பேரத்துக்கு வந்தேன். நான் யாரிடமும் அப்படி இறங்கிப் போனதில்லை. "இனிமே அந்த மாதிரி ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வராது. வந்தா நீ வண்டி எடுத்துகினு வா, நானே ஏறி உக்காறேன்," என்றேன். அவன் யோசித்துவிட்டுச் சரி என்றான். தினமும் சாயந்திரம் வீடியோ காலில் முகத்தைக் காட்ட வேண்டும் என்று அவன் பங்குக்கு ஒன்று சேர்த்தான். நோயாக இருந்தால் ஒருத்தி நினைத்தபோது நிறுத்த முடியுமா என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கு வீடு வேண்டும்.

அன்றிலிருந்து சாயந்திரமானால் இதுதான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மாத்திரை, போட்டேன். இன்னைக்கு இன்னா ஆச்சி, ஒண்ணும் ஆவல. ஒன்றும் ஆகாமல் எப்படி இருக்கும்? ஆகிறதெல்லாம் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. பேர் இல்லாமல் சொன்னால் அது வெறும் கிழவியின் புலம்பல். அதற்குச் சொல்லாமலே இருக்கலாம். மூன்றாம் நாளே அவனுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. "ஏம்மா டல்லா கீற?" என்று வேறு கேட்கிறான்.

நேற்று அவன் கூப்பிட்டபோது, பழக்க தோஷம், போனை எடுத்ததும் காதில் வைத்துக்கொண்டேன்.

"அம்மா, காது தெரியுது."

"ஆங், கேக்குது, சொல்லு."

"கேக்குது இல்லம்மா, காதுதான் தெரியுது. போனை முன்னால புடி."

மருமகள் பக்கத்தில் இருந்து, "கம்மல் நல்லா தெரியுது அத்தை," என்றாள். இரண்டு பேரும் அங்கே என் காதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உடனே எனக்குப் பேர் வந்துவிட்டது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

"இன்னாம்மா முழுங்கற?"

"வெத்தல."

போனை வைத்த பிறகு சமையல் ஓடவில்லை. ரசத்தில் உப்பைப் போட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை. வாய்க்குள் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்திருப்பது? பள்ளிப்பட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கோவம் போச்சா அண்ணி?"

"போவல. ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டு வச்சிடுவேன்."

"சொல்லு."

நடந்ததைச் சொல்லி, "காதுதரிசனம்," என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. யோசித்தாள். "தரிசனம் சரியா வராது அண்ணி. தரிசனம்னா நாம மலை ஏறிப் போயி பாக்கணும். இது அதுவா கிளம்பி வந்து அவங்க மூஞ்சிக்கு நேரா நிக்குது. உற்சவம்தான் அப்படி. காதுற்சவம்னு வையி."

அது நன்றாகத்தான் இருந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லப் போவதில்லை.

"பேரு வச்சது நான். நீ திருத்தாத. வை போனை," என்றேன்.

"நீ வை," என்றாள்.