தென்னைக்கு வைத்த உப்பு

நனைந்த சிமெண்டின் மணமும், அதன்மேல் வெள்ளையாகப் பூத்து நாக்கில் கரித்த உப்பும் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ரோசம்மாள் அக்காவின் படுக்கையறைச் சுவரை நனைத்தவன் நான்தான். பதினைந்து வயதில், பழிவாங்க வேண்டும் என்று தெரிந்தே செய்தேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில், குடியிருந்தவர்களுக்கே இடத்தைக் கொடுத்த குடிகிடப்புச் சட்டப்படி, ‘விளை’ என்று நாங்கள் சொல்லும் எங்கள் தோட்டத்தில் பத்து சென்ட் அவள் குடும்பத்துக்குப் போயிற்று. நான் ஏறி வளர்ந்த வரிக்கைப் பலா அதற்குள் நின்றது. அவள் மகன் கல்ஃபுக்குப் போனபின், ஓலைக்குடிலைப் பிரித்து கான்கிரீட் வார்ப்பு வீடு கட்டியபோது, அந்தப் பலாவை வெட்டிக் கதவு செய்தார்கள். புதுவீடு புகும் ‘பால்காய்ச்சு’ அன்று, நிலக்காரர் வீட்டுப் பிள்ளை என்று அதுவரை என்னைப் பெயர் சொல்லிக்கூட அழைக்காத அக்கா மாடிக்குக் கூட்டிப்போய், “எலே மக்கா, இங்க நின்னா உங்க வீட்டுல எந்த ஓடெல்லாம் உடைஞ்சிருக்குன்னு தெரியும், பாரு” என்று சிரித்தாள். கேலிதான். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக்கு முன், ‘தொண்டு’ என்று நாங்கள் சொல்லும் தேங்காய் மட்டையைத் தென்னையடியில் புதைத்து உப்பிடுவது எங்கள் பக்க வழக்கம். மட்டை கோடையிலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அவர்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி எங்கள் தென்னைகள் இரண்டு நின்றன. தென்னைக்கு என்று சொல்லி, அந்தச் சுவரின் அடியோரமாக நீளக் குழி வெட்டி, மட்டையை அடுக்கி, இரண்டு சாக்கு உப்பைக் கொட்டி, எங்கள் குளிமுறியிலிருந்து ஓடும் கழிவுநீரையும் அதற்குள் திருப்பிவிட்டேன். பையனுக்கு விவசாயத்தில் அக்கறை வந்துவிட்டது என்று அப்பா மகிழ்ந்தார்.

அந்த மழையில் உள்சுவரில் இடுப்புயரத்துக்கு ஏறிய ஈரம் மீன மாதக் கோடை வெயிலிலும் காயவில்லை. வீட்டைக் கட்டிய கொத்தனார் ஞானமுத்து அக்காவின் சொந்தத் தம்பி. அவர் மாடியில் தார் பூசினார், குழாயை உடைத்துப் பார்த்தார், பூச்சைக் கொத்தி மறுபடி பூசினார். வெளியே வந்து எங்கள் மட்டைக்குழியையும் பார்த்தார். எல்லார் விளையிலும் உள்ளதுதானே என்று திரும்பிவிட்டார். ஒருநாள் சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்தவரின் முகம் மாறியது. அக்காவும் வைத்துப் பார்த்தாள். வேடிக்கை பார்க்கப் போன நானும் வைத்தேன்.

“கடல் மண்ண போட்டு எம் பிள்ளைக்க வீட்ட கெடுத்துட்டியேடா.”

“ஆத்து மண்ணாக்கும், அக்கா” என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார். அன்று எனக்குச் சோறு ருசியாக இறங்கியது. அதன்பின் ஊரில் யாரும் அவரை வேலைக்கு அழைக்கவில்லை. மலையோரத்து அம்பூரிக்கு ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார்.

எனக்கு நாற்பது வயதானபோது, அப்பா இறந்த பிறகு, குழியைத் தோண்டி மட்டையை வாரி எறிந்துவிட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை வையவில்லை. தம்பியைக் கூட்டிவா என்று மட்டும் சொன்னாள். அம்பூரியில் ஞானமுத்து, பால் சிரட்டைகளைத் துடைத்தபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

“நீ பகையில செய்த. அவ எனக்க கூடப்பிறந்தவளாக்கும், எனக்க சொல்ல நம்பல்ல. வண்டிக்காரன் எனக்குத் தெரியாம கடல் மண்ண கலந்திருப்பானோ, அவ சொன்னதுலயும் ஞாயம் உண்டோன்னு இத்தன நாளும் நினைச்சுக்கிட்டு கெடந்தேன். இப்பம் அவளுக்கு அந்த ஞாயமும் இல்ல.”

அவர் வரவில்லை.

தென்னைகள் பட்டுப்போயின, கல்ஃபிலேயே தங்கிவிட்ட மகனின் வீடு இன்று பூட்டிக் கிடக்கிறது. கடைசியாக அந்தப் பலாக்கதவு திறந்திருந்தது அக்கா இறந்த அன்றுதான். அந்த அறையில்தான் அவளைக் கிடத்தியிருந்தார்கள். ஞானமுத்து வந்தார். நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ந்திருந்தது. அக்காவின் முகத்தைப் பாராமல் இறங்கிப் போனார்.