ஆம்புரோஸ் மூடிய பாலக்கதவு

மரே ஆற்றுப் பாலத்தில் பதினோரு ஆண்டுகளாகச் சுங்கக்காரனாக நின்றவன் ஆம்புரோஸ். விக்டோரியா காலனியிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் காலனிக்குள் யார் வந்தாலும் மூட்டையைப் பிரித்துப் புகையிலையும் சாராயமும் தேடுவான். ஒருமுறை பாதிரியாரின் தொப்பியைக்கூடத் தட்டிப் பார்த்தான். அக்காள் ஹெஸ்டருக்கு அதில் பெருமைதான். அவனுடைய சட்டைப் பித்தளைப் பொத்தான்களைத் தினமும் துலக்குபவள் அவள். இருவரும் குடியிருந்தது பாலத்தை ஒட்டிய அரசாங்க வீட்டில்.

காலனிகள் ஒரே நாடானால் எல்லையில் சுங்கம் இராது. வேலை போகும், வீடும் போகும். தெரிந்தும் ஆம்புரோஸ், "ஒண்ணா சேரணும்" என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தான். போன ஆண்டு இதற்காக நடந்த வாக்கெடுப்பில் ஆதரவே அதிகம். ஆனால் சட்டம் கேட்ட எண்ணிக்கை வரவில்லை. தாம் ஒருவர் போகாவிட்டால் என்ன என்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அது அவனை அரித்தது.

இரண்டாம் வாக்கெடுப்பு நாளன்று, அக்கரைக் காட்டில் மரம் வெட்டும் உள்ளூர்க்காரர் நாற்பது பேர் வாக்களிக்க மூட்டைகளோடு வந்தார்கள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பதற்குள் வாக்குச்சாவடி மூடிவிடும்.

"இன்னிக்கு ஒருநாள் கண்ண மூடிக்கப்பா," என்றான் மேஸ்திரி ஸ்கல்லி.

"அது நடக்காது. மூட்டைய அக்கரையிலயே வச்சுட்டு வெறுங்கையோட வாங்க. அக்கா பாத்துக்கும்."

"உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிற, தெரியுதா?"

"சோறு போடறது எங்கக்கா. அவளக் கேளு."

ஹெஸ்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனாள்.

"ஏதாச்சும் காணாமப் போச்சுன்னா?" என்றான் ஒருவன்.

"உன் மூட்டை நாத்தத்துக்கு எவன்டா கிட்ட வருவான்?"

அவர்கள் வாக்களித்துத் திரும்பினார்கள். ஹெஸ்டர் தம்பியிடம் வந்தாள்.

"நீ போட்டியா?"

"பாலத்த விட்டுட்டு எப்படிக்கா போறது?"

"பொம்பளைன்னு எனக்குத்தான் ஓட்டு இல்ல. உனக்கு என்னடா கேடு? சாப்பாட்டுக்கு அரைமணி கதவ மூடலாம்னு உங்க விதியிலயே இருக்கு. பதினோரு வருஷத்துல ஒருநாளாவது மூடியிருக்கியா?"

அவன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்புறம் நீ எங்கக்கா இருப்ப?"

"வேற வீடா கிடைக்காது? ஓடுடா!"

பாலக்கதவைப் பூட்டிவிட்டு ஓடினான். ஆட்டு வண்டிக்காரன் ஒருவன் கதவைத் தட்டித் திட்டினான்.

"ஆபீசர் சாப்பிடப் போயிருக்காரு," என்றாள் ஹெஸ்டர், அசையாமல்.

இந்த முறை எண்ணிக்கை தேறியது. காலனிகள் சேர்ந்தன. சுங்கம் நீக்கப்பட்டதும் அக்காளும் தம்பியும் மாவு மில்லுக்குப் பின்னால் வாடகை வீட்டுக்குப் போனார்கள். முதல் மழைக்கே கூரை ஒழுகியது.

"நாட்டையே சேத்தவரு வீட்டப் பாருங்கய்யா!" என்று கேலி பேசிக்கொண்டே, ஏணியும் பலகையும் ஆட்களுமாக வந்து இறங்கினான் ஸ்கல்லி.