பதினாறாவது நொடி

இது நடந்தது. நம்பமாட்டேன் என்பவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. "வகுப்பில் குறட்டை விடுபவர்கள் பக்கத்து வகுப்புக்குக் கேட்காமல் விடவும்" என்று பிரின்சிபாலின் எழுத்தைப் போலவே எழுதிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நான்தான். ஆகவே என் பேச்சுக்கு என்ன மரியாதை என்று எனக்கே தெரியும். ஆனால் இதில் ஒரு வரிகூட நான் சேர்த்ததில்லை. சேர்ப்பதாக இருந்தால் முடிவை இதைவிட நல்லதாகச் சேர்த்திருப்பேன்.

ராத்திரி இல்லை. நாய் ஊளையிடவில்லை. கரண்ட் போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், மணி 3:05. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்தேன்.

நான்கு மணிக்குள் கடைசி வருட ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒரே ஒருமுறைதான் ஏற்ற முடியும். நான்கு அடித்தால் கதவு சாத்தப்படும். அப்புறம் அடுத்த வருடம்தான். ப்ராஜெக்ட்டில் இரண்டு பேர், நானும் சுருட்டையும். முடியைப் பார்த்து வைத்த பெயர். ஏழு மாதம் வேலை முழுவதையும் செய்தவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்து "சூப்பர்டா" என்றது என் பங்கு. திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். ரிப்போர்ட் போகவில்லை என்றால் அந்த வேலையும் போய்விடும். அவன் அப்பா புதுச் சட்டையைத் தேய்த்து மாட்டியே வைத்துவிட்டார். இவன் என்னடாவென்றால் புதன்கிழமை மாடிப்படியில் உருண்டு, காலில் மாவுக்கட்டோடு கிடந்தான்.

"டேய், ஏழு மாசம் நான் பாத்துக்கிட்டேன். ஒரே ஒரு மத்தியானம் நீ பாத்துக்கோ," என்றான் போனில்.

"நீ காலைப் பாரு. இதை நான் ஊதித் தள்ளிடறேன்."

ரிப்போர்ட் இருந்தது லேபின் கடைசி மூலைக் கம்ப்யூட்டரில். பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வேறு எங்காவது ஓடலாம் என்றால், லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பென் டிரைவ் ஓட்டைகளையெல்லாம் பசை போட்டு அடைத்திருந்தார். வைரஸ் வருமாம். அன்று மற்ற கம்ப்யூட்டர்களையும் கழற்றியாகிவிட்டது. அறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள்.

"உன்னோடதை மட்டும் விட்டு வச்சிருக்கேன் தம்பி. நாலு மணிக்கு வந்து அதையும் தூக்கிடுவேன்."

"ரெண்டே நிமிஷம்ண்ணே."

"உன் ரெண்டு நிமிஷம்தான் எனக்குத் தெரியுமே," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வெறும் மேசைகள். என் மேசையில் மட்டும் ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். மேசையின் வலப்பக்கம் காலி. அதற்குப் பின்னால், என்னைப் பார்த்தமாதிரி, சக்கரம் வைத்த ஒரு நாற்காலி.

3:11. பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. "சிக்னல் இல்லை" என்று ஒரு பெட்டி மட்டும் வேலையில்லாதவன் போல அங்குமிங்கும் மிதந்தது. மேசைக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். மானிட்டர் கேபிளைத் தப்பான துளையில் செருகியிருந்தார்கள். பிடுங்கி, கிராபிக்ஸ் கார்டில் இருந்த ஒரே துளையில் செருகினேன். 3:16-க்குப் படம் வந்தது.

வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் குளவி கொட்டியதுபோல் வீங்கிக் கிடந்தது. ரெசொல்யூஷன் 800-க்கு 600. மாற்ற விடவில்லை. ரிப்போர்ட் ஏற்றும் பக்கத்தைத் திறந்து கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். சுருட்டை இரண்டு கோப்பு வைத்திருந்தான். ஒன்றின் பெயர் 'கடைசி ரிப்போர்ட்'. இன்னொன்று 'கடைசி ரிப்போர்ட் உண்மையிலேயே கடைசி'. வீங்கிய எழுத்தில் இரண்டும் 'கடைசி ரிப்…' என்றே தெரிந்தன. நான் எடுத்தது எது? தெரியவில்லை. 'ஏற்று' என்ற பட்டனோ திரைக்குக் கீழே எங்கேயோ புதைந்திருந்தது.

சரி, மானிட்டரைக் கம்ப்யூட்டர் சரியாக அடையாளம் கண்டுகொண்டால் ரெசொல்யூஷன் தானாக வரும். டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போய் 'டிடெக்ட்' அழுத்தினேன். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்களே… அந்தக் கிணற்றை வெட்டியது நான்தான்.

3:24. திரை ஒருமுறை சிமிட்டியது. எழுத்துகள் சட்டென்று ஒழுங்காகின. செட்டிங்ஸில் இரண்டு கட்டங்கள். 1. 2.

இரண்டு மானிட்டர்கள் இணைக்கப்பட்டுள்ளன என்றது.

ஒன்று எனக்கு முன்னால் இருந்தது. இன்னொன்றைத் தேடி மறுபடி மேசைக்கு அடியில் குனிந்தேன். என் செருப்பு இருந்தது.

இப்படி இல்லாத மானிட்டரை இருப்பதாகக் கம்ப்யூட்டர் உளறுவது புதிதல்ல. 'ஐடென்டிஃபை' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் மூன்று நொடி பெரிதாகத் தெரியும். அழுத்தினேன். என் திரையில் பெரிய 1.

என் வலது கையில் நீல வெளிச்சம் விழுந்தது. மூன்று நொடி. அப்புறம் இல்லை.

வலப்பக்கம் பார்த்தேன். காலி மேசை.

'ட்யூப் லைட்டாக இருக்கும்,' என்று சொல்லிக்கொண்டேன். தலைக்கு மேலே இருந்தது மஞ்சள் பல்பு.

3:31. கோப்பின் பெயரைப் பார்க்கலாம் என்று பக்கத்தின் மேல் கர்சரை வைத்தேன். பக்கம் நகர்ந்தது. நான் இழுக்கவில்லை. மெதுவாக, கோப்பை யாரோ மேசையில் தள்ளிக்கொண்டு போவதுபோல, வலப்பக்கமாக… பாதி… கால்வாசி… மறைந்துவிட்டது. இரண்டாவது திரைக்குப் போய்விட்டது. இல்லாத திரைக்கு.

எனக்கு வந்தது பயம் இல்லை. கோபம். ஏழு மாதத்தில் நான் பார்க்க வேண்டிய ஒரே வேலை இது. அதிலும் பங்குக்கு ஆள் வந்தால்?

திரைக்கு வெளியே போன பக்கத்தைக் கீபோர்டால் இழுத்துவரலாம். 'மூவ்' கொடுத்து இடது அம்புக்குறியை அழுத்தினேன். பக்கத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது. இன்னும் அழுத்தினேன். ஒரு அங்குலம் வந்தது.

திரும்பிப் போனது.

அழுத்திப் பிடித்தேன். வந்தது. போனது. வந்தது. போனது.

"விடு," என்றேன் சத்தமாக. காலி அறையில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அது உன்னோடது இல்ல. என்னோடதும் இல்ல. சுருட்டையோடது. விடு."

விடவில்லை. 3:40.

'1-ல் மட்டும் காட்டு' என்று ஒரு வழி இருக்கிறது. கொடுத்தேன். "இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டது. பதினைந்து நொடிக்குள் 'வைத்துக்கொள்' என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழையபடி ஆகிவிடும். 15… 14… மவுஸை நகர்த்தினேன். கர்சர் என் பேச்சைக் கேட்கவில்லை. 12… நேராக 'வேண்டாம்' பக்கம் போனது.

க்ளிக்.

என் விரல் மவுஸின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. ஆனால் அந்தப் பட்டன் என் விரலுக்கு அடியில் உள்ளே போய் வெளியே வந்ததை உணர்ந்தேன்.

மறுபடி கொடுத்தேன். மறுபடி க்ளிக். மூன்றாம் முறையும்.

3:51. அணைத்துப் போடலாம். ஆனால் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே எட்டு நிமிடம் ஆகும்.

அப்போதுதான் அதைச் செய்தேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் செய்யும் குறுக்குவழி. எல்லாவற்றையும் '2-ல் மட்டும்' என்று தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுவோம். அங்கே 'வைத்துக்கொள்' என்று அழுத்த ஆள் இல்லை. பதினைந்தாவது நொடியில் எல்லாம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒன்றாவது திரைக்கு ஓடி வந்துவிடும். ஒருநாளும் தப்பியதில்லை.

"ரொம்ப ஆசையா இருந்தா முழுசா நீயே வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அழுத்தினேன்.

திரை கறுத்தது. கையைத் தூக்கிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

பத்து.

பதின்மூன்று.

பதினான்கு.

பதினைந்து.

…

பதினாறு.

பதினேழு.

இருபது.

கறுப்பு.

வலது கையில் நீல வெளிச்சம். இந்தத் தடவை போகவில்லை.

அதாவது… 'வைத்துக்கொள்' என்று யாரோ அழுத்தியிருக்கிறார்கள்.

3:54. போனை எடுத்தேன்.

"போயிடுச்சாடா?" என்றான் சுருட்டை, எடுத்த எடுப்பில்.

"திரை தெரியல. இருட்டுல அடிக்கணும். சொல்லு."

"என்னடா சொல்ற? இன்னும் ஆறு நிமிஷம்தான்…"

"திட்டறதை அப்புறம் வச்சுக்கோ. ரெண்டு கோப்புல கீழே இருக்கறதை எடுத்தேன். அதானே?"

"அதுதான்."

"அப்ப பட்டனுக்குப் போறது எப்படி?"

மூச்சு வாங்கினான். "டேப் ரெண்டு தடவை. அப்புறம் என்டர்."

இல்லாத திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நீ பார்த்துக்கிட்டே இரு. நான் அனுப்பறேன்," என்றேன்.

"யார்கிட்டடா பேசற?"

டேப். டேப்.

3:57. என்டர்.

போனை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அதற்கும் நடுவில் மரியாதை என்று ஒன்று இருக்க வேண்டும்.

மானிட்டர் ஸ்பீக்கரில், டங்.

கம்ப்யூட்டர் ஏதோ தப்பு என்று சொல்லும் ஓசை.

பதினைந்து நொடி. மறுபடி, டங்.

போச்சு. ஏழு மாதமும் போச்சு.

அப்போது அந்தச் சக்கர நாற்காலி…

கிர்ர்ர்…

மேசையைச் சுற்றி…

கிர்ர்…

என் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

நான் திரும்பவில்லை. பயத்தினால் இல்லை. ரோஷத்தினால். அப்படித்தான் இன்றைக்கும் சொல்வேன்.

மூன்றாவது டங் வரவில்லை.

3:59. வெளிச்சம் போய்விட்டது. என் திரை பளிச்சென்று எரிந்தது. பச்சை எழுத்தில்: 'உங்கள் ரிப்போர்ட் பெறப்பட்டது.' செட்டிங்ஸில் ஒரே ஒரு கட்டம். 1.

நான்கு மணிக்கு லேப் அண்ணன் கதவைத் திறந்தபோது நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "ரெண்டு நிமிஷம் ஆச்சா?" என்றார். பிறகு கையை நீட்டி, "நாற்காலியை ஏண்டா இவ்வளவு ஒட்டிப் போட்டிருக்க?" என்றார்.

சுருட்டை திங்கட்கிழமை ஊன்றுகோலோடு வேலையில் சேர்ந்தான். அதே திங்கட்கிழமை ரசீது வாங்கத் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த மேடம் பதிவை எடுத்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கண்ணு செக் பண்ணிக்கோ தம்பி. எண்ணை ரெண்டு தடவை தப்பா அடிச்சிருக்க."

"எந்த எண், மேடம்?"

"எந்த எண்ணா? ஏற்றுன்னு அழுத்தினதும் ஒரு பெட்டி வரும்ல. அதுல கோணல்மாணலா அஞ்சு எண் தெரியும். அதைப் பார்த்து அடிச்சாத்தான் உள்ளே விடும். ஏத்தறது மனுஷன்தானான்னு சோதிக்க."

நான் எந்தப் பெட்டியையும் பார்க்கவில்லை. எந்த எண்ணையும் அடிக்கவில்லை. என் திரை கறுப்பு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடம் தன் மானிட்டரை என் பக்கம் திருப்பினார். மூன்று வரிகள்.

3:58:09. காட்டியது 58213. அடித்தது 31285.

3:58:24. காட்டியது 90467. அடித்தது 76409.

"பாரு, அப்படியே பின்னாலேர்ந்து முன்னால அடிச்சிருக்க," என்று சிரித்தார். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு படிச்ச மாதிரி."

நான் சிரிக்கவில்லை. மூன்றாவது வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3:58:50. காட்டியது 27518. அடித்தது 27518.

இந்தத் தடவை நேராகப் படித்திருக்கிறது.

நேராகப் படிக்க வேண்டுமென்றால்… திரைக்குப் பின்னாலிருந்து எழுந்து, சுற்றிக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்திருக்க வேண்டும்.

ரசீதில் 'மனிதர் என உறுதிசெய்யப்பட்டது' என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார் மேடம்.

நான் போடவில்லை. உறுதிசெய்யப்பட்டது நான் இல்லையே.