அப்பா எழுதாமல் விட்ட கண்கள்

சாமுண்டித் தாயை மனத்தில் வைத்து, எங்கள் அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும், கொள்ளேகால், ஹனூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்த சொந்தபந்தங்களுக்கும் மகன் எழுதுவது. நான் கன்னடப் பள்ளியில் எழுத்துக் கற்றவன். தமிழை அப்புறம் எழுத்துக்கூட்டி நானாகப் படித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்பதால், பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். இந்த நினைவு மலரின் முதல் பக்கத்துக்கு எடுத்து வைத்த படத்தை அச்சுக்குப் போகுமுன் பார்த்ததும் பெரியப்பா, "ஊருக்கெல்லாம் கண்ணெழுதுன மனுசனுக்கு, ஒரு கண்ணெழுத ஆளில்லாமப் போச்சா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பில்லை. படத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. உயிர் போன பின் எடுத்த படம் அது. அதை ஏன் அப்படியே விட்டோம் என்று சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ஹனூருக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைத்த குடும்பத்தில். மழை பொய்த்த ஒரு வருஷம், பட்டுக்கூடு ஏற்றி வந்த வண்டியோடு மைசூருக்கு வந்தார். வந்த இடத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வாசலில், கண்ணாடிக்குள் மாட்டியிருந்த யாரோ ஒரு கிழவியின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர் வண்டிக்குத் திரும்பவில்லை. அங்கே படம் பிடிக்கிற கண்ணாடிப் பிளேட்டுகளைக் கழுவுகிற வேலையில் சேர்ந்தார். அந்தக் கடையின் துரை வயதாகிச் சீமைக்குப் போனபோது, மூன்று கால் கேமராவும் கண்ணாடிக் கூரை போட்ட அந்த அறையும் அப்பா கைக்கு வந்தன. பெரியப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார்: "வானம் பாத்துப் பொழைக்க முடியாதுன்னு ஊரை விட்டுப் போனான். அங்க போயும் வானத்தத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

அது உண்மைதான். காலையில் எழுந்ததும் அப்பா முகம் கழுவுமுன் வானத்தைப் பார்ப்பார். அவருக்கு மழையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மெல்லிசாக மூட்டம் போட்டிருந்தால் போதும், அன்று முழுக்கச் சந்தோஷம். "இன்னிக்கு வெளிச்சம் பாலாட்டம் இருக்குது சாமி" என்று என்னிடம் சொல்வார். ஜட்கா வண்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை உற்றுப் பார்த்து, "இவரை இடது பக்கமாத் திருப்பி உக்கார வெக்கோணும்" என்று முணுமுணுப்பார். மலை மேல் கோயிலுக்குக் கூட்டிப்போனால், அம்மாவுக்குக் கோபம்தான் மிஞ்சும். "சாமி கும்பிடச் சொன்னா, அய்யரு காதுல விழுந்த வெளிச்சத்தப் பாத்துட்டு வாராரு!"

அவருக்கு எழுத்து தெரியாது. பிளேட் பெட்டிகளின் மேல் பெயருக்குப் பதிலாக மீசை, மூக்குத்தி, குடை என்று சின்னச் சின்னதாக வரைந்து வைத்திருப்பார். படம் கழுவும் ஹைப்போ மருந்தில் ஊறி அவர் விரல் நகங்கள் கறுத்தே கிடந்தன. சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த வாசம் வரும்.

தசரா வந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. கிராமத்து ஜனங்கள் ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்த்த கையோடு, அரண்மனைப் படிக்கட்டு எழுதிய திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். அப்பா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அலுகாடபேடி, ஆடாதீங்க!" என்று இரண்டு பாஷையிலும் கத்துவார். ஒரு முறை பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி, "ஏனுங்க, படத்துல என்ற தலைப்பா செவப்பாத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியுமுங்க. ஊருக்குத்தான் தெரியாது" என்றார் அப்பா. அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்போடேயே படம் எடுத்துவிட்டார். சிரித்தபடி இருக்கிற படம் அந்நாளில் யாரும் எடுத்ததில்லை.

ஆனால் உயிரோடு இருக்கும்போது வருகிறவர்களைவிட, போன பிறகு கூப்பிடுகிறவர்களே அதிகம். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம் ஜனங்களுக்குப் பயம் என்பது உங்களுக்குத் தெரியும். மூச்சு நின்ற பிறகுதான், "ஐயோ, ஒரு படம்கூட இல்லையே" என்று ஆள் அனுப்புவார்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, சுற்றிலும் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொள்ளும். பிறகு அச்சுப் போட்ட படத்தில், மூடிய இமையின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண்ணை எழுதித் தர வேண்டும். தொழிலில் அதற்குக் கண்ணெழுதுவது என்று பேர். மற்றக் கடைகளில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண்தான் எழுதுவார்கள். அப்பா மட்டும், "அவரு கண்ணு உங்கள்ல யாருக்கு வந்திருக்குது?" என்று கேட்பார். மகனோ தம்பியோ, அந்தக் கண் உள்ளவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். படத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வாசல் தாண்டுவதற்குள் அழுதுவிடுவார்கள்.

இனிச் சொல்வது எங்கள் வீட்டு விஷயம். எனக்கு முன்னே ஓர் அக்கா பிறந்து, பள்ளிக்குப் போகும் வயது வருமுன்பே விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். நான் பிறந்தது அதற்குப் பிறகுதான். போட்டோக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு படம்கூட இருக்கவில்லை. "சின்னப் புள்ளைய எடுக்கப்படாது, பெரிசாகட்டும்" என்று அம்மா தடுத்து வைத்திருந்தார். அன்றைக்கு அப்பாவே கேமராவை நிறுத்தினார். அம்மா முந்தானையைத் தலை வழியாக முகம் மறைய இழுத்து விட்டுக்கொண்டு அக்காவை மடியில் பிடித்திருந்தார். படத்தில் அக்காவின் முகமும், அவளைப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும்தான். அக்கா தெளிவாக இருக்கிறாள். கைகள் நடுங்கிக் கலங்கிப் போயிருக்கின்றன.

காரியங்கள் முடிந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "என்ற பொண்ணு கண்ணத் தொறந்து குடுங்க."

அப்பா உட்கார்ந்தார். ஆனால் அக்காவின் கண் யாருக்கு இருந்தது? அப்பாவுக்கே. அச்சு அசல் அவர் கண்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தார், துடைத்தார், வேறு படம் அச்சுப் போட்டு மறுபடியும் எழுதினார். பல வருஷம் கழித்து நான் கேட்டபோது, "கண்ணாடியில தெரியறது அழுத கண்ணு சாமி. அவளுது சிரிக்கிற கண்ணு. அத நான் எங்க போயிப் பாக்கறது?" என்றார். கடைசியில் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். அந்தப் பிளேட் பெட்டியின் மேல் மட்டும் அவர் எதையும் வரையவில்லை.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "கண்டவங்க புள்ளைக்கெல்லாம் எழுதத் தெரியுது" என்று சொல்லிக் காட்டுவார். அக்கா போனதிலிருந்து அப்பாவுக்கு ஒரே வெறி. உயிரோடு இருக்கும்போதே எல்லோரையும் எடுத்துவிட வேண்டும். சந்தையில் பூக்காரியை மறித்து, "உங்க பேத்தியக் கூட்டியாங்க, சும்மா எடுத்துத் தாரேன்" என்பார். தெருவில் பாதிப் பேர் அவரைக் கண்டால் எமன் ஏஜெண்டு வருகிறார் என்று கேலி பண்ணிக்கொண்டே நழுவுவார்கள். மீதிப் பேர் வீட்டுச் சுவர்களில் இன்று தொங்கும் படங்கள் அவர் எடுத்தவை.

அம்மாவிடம்தான் அவர் தோற்றார். "ஒரே ஒருக்கா உக்காரு புள்ள" என்று ஒவ்வொரு மூட்டமான நாளிலும் கேட்பார். "மொதல்ல அவ கண்ணத் தொறங்க. அப்பறம் நான் உக்கார்றேன்" என்பார் அம்மா. என் நினைவு தெரிந்த நாள் முதல் இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்டுத்தான் வளர்ந்தேன். சண்டை என்று சொல்ல முடியாது. சமையலும் நடக்கும், சாப்பாடும் நடக்கும், பேச்சு மட்டும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும்.

யுத்தம் வந்ததும் சீமைப் பிளேட் வருவது நின்றது. கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார். அப்போதும் ஒரு நல்ல பிளேட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, டார்க் ரூம் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். நான் கேட்டதற்கு, "அது உங்கம்மாளுது. தொடாத" என்றார்.

காற்றில்லாத அந்த அறையிலேயே காலம் கழித்ததாலோ என்னவோ, அவர் நெஞ்சு கெட்டுப்போனது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அப்பா வீட்டுக்கு வர மறுத்து, கண்ணாடிக் கூரைக்குக் கீழே கட்டில் போடச் சொன்னார். அங்கே படுத்துக்கொண்டு மேகம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலை, அக்காவின் படத்தையும் தூரிகையையும் கொண்டுவரச் சொன்னார். "எழுதிப் பாக்கறேன்" என்றார். தூரிகை விரலில் நிற்கவில்லை. அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, தூரிகையை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. தூங்கற புள்ளைய எதுக்கு எழுப்பறீங்க?"

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "அப்ப நீ உக்காருவியா?"

"நீங்க எந்திரிச்சு வந்து எடுங்க. உக்கார்றேன்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கண்கள் எப்படி இருந்தன என்று நான் பார்த்துவைத்துக்கொண்டேன். அக்காவின் கண்ணை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவர் எழுந்திருக்கவில்லை. சில நாட்களில், மூட்டம் போட்ட ஒரு காலையில் போய்விட்டார்.

அப்பாவிடம் தொழில் பழகி இப்போது தனியாகக் கடை வைத்திருக்கும் நஞ்சுண்டண்ணா தம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தார். அவரிடமும் பிளேட் இல்லை. நான் மேல்தட்டைக் காட்டினேன். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். யாரும் கூப்பிடாமலே அம்மா வந்து பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுக்கவில்லை.

எடுத்து முடிந்ததும் நஞ்சுண்டண்ணா மெதுவாக, "அம்மா, அண்ணாவுக்குக் கண்ணு நானே எழுதித் தாரேன். அவரு கத்துக்குடுத்த கைதானே இது" என்றார்.

"யாரப் பாத்து எழுதுவ நஞ்சுண்டா? அந்தக் கண்ணு ரெண்டு பேருகிட்டத்தான் இருந்துச்சு" என்றார் அம்மா. பெரியப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

நோயில் கூட இருந்து பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த சந்தைத் தெரு நண்பர்களுக்கும், பூவுக்குக் காசு வாங்க மறுத்த அந்தப் பூக்காரப் பாட்டிக்கும், காகிதம் கிடைக்காத இந்தக் காலத்தில் மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும், நஞ்சுண்டண்ணாவுக்கும் நாங்கள் என்றும் நன்றிக்கடன் பட்டவர்கள்.

இன்னும் ஒன்று. படத்தைப் பார்ப்பவர்கள் அப்பாவை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். அம்மாவையும் பாருங்கள். உயிருள்ளவர்கள் எப்படியும் கொஞ்சம் ஆடிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். அம்மா துளியும் ஆடவில்லை. எடுக்குமுன், "இந்தப் பக்கமாப் பாருங்கம்மா" என்று நஞ்சுண்டண்ணா கை காட்டியும் அவர் திரும்பவில்லை. கண்களை நன்றாகத் திறந்து, கறுப்புத் துணி போர்த்திய கேமராவின் லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குத் தெரியும். அவரு அங்கதான் நிப்பாரு."