இரண்டு தையலும் ஒரு மீசையும்

என் மகள் பிளந்த மேலுதட்டோடு பிறந்தாள். பிளவு இடது மூக்குத் துளை வரைக்கும் போயிருந்தது. அண்ணம் முழுசாக இருக்கிறது, அந்த மட்டில் நல்லது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பூம்பாறைக்குத் திரும்பியதும், நான் மாசமாக இருந்தபோது வந்த கிரகணத்தன்று என்ன நறுக்கினேன் என்று ஆளாளுக்கு விசாரிக்க வந்தார்கள். பூண்டு போடுகிற வீட்டில் கத்தி ஓய்கிற நாள் உண்டா? வந்த கோபத்தில், அடுத்துக் கேட்கிறவளை நறுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதோடு விசாரணை நின்றது.

பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்க வரவில்லை. பாலைப் பீய்ச்சி, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். ஐந்து கிலோ எடை வரட்டும், உதட்டைத் தைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் யாரிடம் தைப்பது என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் என் வீட்டுக்காரர் புகுந்தார்.

திண்டுக்கல்லில் ஒருவர், மதுரையில் ஒருவர் என்று இரண்டு டாக்டரைப் பார்த்திருந்தோம். திண்டுக்கல் டாக்டர் ஒரு தாளில் உதடு வரைந்து காட்டினார். மூக்குக்குக் கீழே வளைவாக வெட்டி, மேலே ஏறி நிற்கிற பகுதியைச் சுழற்றிக் கீழே இறக்கி, அந்த இடைவெளிக்குள் மறுபக்கத்துச் சதையை நகர்த்தித் தைப்பாராம். தழும்பு, மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்குகிற இயற்கையான வரம்போடு படிந்துவிடும். ஆனால் பிளவு அகலமாக இருந்தால் உதடு கொஞ்சம் குட்டையாகிவிடலாம். மதுரை டாக்டர் வேறு மாதிரி. முதலிலேயே அளந்து, மையால் புள்ளி வைத்து, ஒரு பக்கத்திலிருந்து சின்ன முக்கோணச் சதையை மறுபக்கத்துக்குள் நுழைத்துத் தைப்பார். நீளம் கச்சிதமாக வரும், தழும்புதான் வளைந்து நெளிந்து கொஞ்சம் தெரியும். ஒருவர் முறையைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டால், "அதுவும் நல்லதுதான்" என்றார்கள் இருவரும், சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற குரலில்.

பிள்ளையின் முகமாயிற்றே. தேர்ந்தெடுக்கப்போவது நாங்கள், காலம் முழுக்க அதைக் கொண்டு நடமாடப்போவது அவள்.

எங்கள் ஊரில் விதைப்பூண்டை மூட்டையில் பார்த்து யாரும் வாங்கமாட்டார்கள். அதே ரகத்தை நட்ட காட்டுக்கே போய், நிற்கிற பயிரைப் பார்த்து, ஒன்றைப் பிடுங்கி உரித்த பிறகுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் உதட்டுக்கும் அதே வழியைப் பிடித்தார். "வெளஞ்சு நிக்கறதப் பாக்காம எப்படிப் புள்ள முடிவு பண்றது?"

தாண்டிக்குடியில் ஒரு ஜீப் டிரைவர் வளைவு வெட்டில் தைத்துக்கொண்டவர் என்று கேள்விப்பட்டு, வெள்ளனே கிளம்பிப் போனோம். போய்ப் பார்த்தால், மனிதருக்கு அப்படி ஒரு மீசை. மேலுதடு என்று ஒன்று இருப்பதற்கே அத்தாட்சி இல்லை. என் வீட்டுக்காரர் தயங்கவில்லை. மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டேவிட்டார். நான் பிள்ளையோடு ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நல்லவேளை, டிரைவர் கோபிக்கவில்லை. விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே விசிலும் அடித்துக் காட்டினார். தையல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொம்பளைப் பிள்ளைக்கு மீசை வளராதே என்று வரும் வழியெல்லாம் இவருக்கு ஒரே விசாரம்.

அடுத்தது நாயுடுபுரத்தில் சாக்லேட் கடை வைத்திருக்கிற பெண். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் மகள். அவளுக்குப் போட்டது முக்கோணத் தையல். என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, விவரமாகப் பேசத் தொடங்கினாள். இவரோ குனிந்தும் சாய்ந்தும் அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா என்று தெரிய வேண்டுமாம், அதற்காக நடுநடுவே ஜோக் வேறு. அவருடைய ஜோக்குக்கு, கல்யாணமான நாளிலிருந்து நானே சிரித்ததில்லை. அவளா சிரிப்பாள்?

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். "அண்ணே, வந்ததுல இருந்து என் உதட்டயே பாக்கறீங்க. நான் சொன்னதுல ஒண்ணாச்சும் காதுல விழுந்துச்சா?"

விழவில்லை. நானும் அந்தத் தழும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கென்றது எனக்கு. நாளைக்கு என் மகள் வாயைத் திறந்தால் ஊர் இப்படித்தானே பார்க்கும்.

அவள் பொறுமையாக மறுபடி சொன்னாள். எந்த முறையானாலும் அதில் பழகிய கை நன்றாகத் தைக்கும். ஆனால் இந்த ஒரு தையலோடு சோலி முடியாது. பல் முளைக்கும்போது ஈறு, வளர வளர மூக்கு என்று திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். பிள்ளை பெரியவளாகிற வரைக்கும் யார் கூடவே இருந்து பார்ப்பார் என்று கேளுங்கள் என்றாள். தன் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லையாம்.

இரண்டு டாக்டரிடமும் கேட்டோம். மதுரைக்காரர், பிள்ளை பெரியவளாகிற வரைக்கும் தானே பார்ப்பதாகச் சொன்னார். திண்டுக்கல்காரர் நேர்மையான மனிதர். தான் சீக்கிரமே வேறு ஊருக்குப் போவதாகவும், மதுரைக்கே போங்கள் என்றும் சொல்லிவிட்டார். மதுரையில் தைத்தோம்.

தையலெல்லாம் ஆறி, வீக்கம் வடிந்த பிறகு, ஒரு காலையில் பால் குடித்து முடித்ததும் பிள்ளை சிரித்தாள். அதுவரை அவள் சிரித்தால் பிளவு விரிந்து, ஈறு தெரிய, முகம் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். இப்போது உதடு கூடி, எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கிற மாதிரி சின்னதாகச் சிரித்தாள். இவர் சந்தோஷத்தில் ஊருக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தா, எதுக்கு அழுவுற? எம்புட்டு அழகா இருக்கா பாரு."

"முந்தியும் அழகாத்தான் இருந்தா" என்றேன்.

அவர் போனைக் கீழே வைத்தார். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.