நொட்டாங்கைத் தையல்

நான் நல்லவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிவரை எனக்காகப் பாவப்பட்டுவிட்டு அப்புறம் ஏமாந்துபோனோம் என்று யாரும் குறைபட வேண்டாம்.

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் என் தங்கையும் ஒட்டுப் போர்வை தைத்துப் பிழைத்தோம். ஜெர்மன்காரன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வீட்டில் வேறு ஆள் கிடையாது.

ஒட்டுப் போர்வை என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சூலியா தெருத் தையற்கடைகளில் வெட்டி எறியும் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து, சதுரம் சதுரமாக நறுக்கி ஒட்டி, அடியில் ஒரு பழைய புடவையும் அதற்கும் அடியில் ஒரு கெட்டித் துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, கடைசியில் சுற்றிலும் கரை மடித்துத் தைத்தால் போர்வை. மலாய்க்காரப் பெண்களும் இதைத் தைப்பார்கள். எங்களிடம் வரும் வேலை இரண்டு வகை. கல்யாணத்துக்கும் பிறந்த குழந்தைக்கும் தைப்பது புது வேலை. வருகிறவர்கள் வெற்றிலையும் வாழைப்பழமும் கொண்டு வருவார்கள், சிரித்துக்கொண்டே துணி தேர்ந்தெடுப்பார்கள். மற்றது பழசு. நோயாளி படுத்தது, குழந்தை நனைத்தது, எலி கடித்தது. துவைத்துக் கொண்டுவா என்று சொன்னால் துவைத்ததாகச் சொல்வார்கள். பிரித்தால் உள்ளே மூட்டைப்பூச்சி குடும்பத்தோடு இருக்கும். மூத்திர வாடை என் விரலில் ஏறி, சோற்றில் கை வைத்தாலும் அடிக்கும்.

புது வேலை முழுக்கத் தங்கைக்கு, பழசு முழுக்க எனக்கு. அவள் கெட்டிக்காரி என்பதற்காக அல்ல. எனக்கு நொட்டாங்கை.

சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது, சிலுவை போடுவது எல்லாவற்றுக்கும் வலது கையைப் பழக்கிவிட்டாள் அம்மா. அடுப்புக் கட்டையால் இடது முன்கையில் இரண்டு தரம் சுட்டுப் பழக்கினாள். ஆனால் ஊசி மட்டும் வலது கைக்குக் கட்டுப்படவில்லை. அம்மா அலுத்துப்போய், வெளியில் தெரியாமல் தைத்துத் தொலை என்று விட்டுவிட்டாள். அம்மாவுக்கும் தங்கைக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது. ஆள் முன்னால் நான் ஊசி எடுக்கவே மாட்டேன். ஆனால் தையல் சொல்லிவிடும். நடுவில் ஓடும் தையல் எந்தக் கை தைத்தாலும் ஒரே மாதிரிதான் விழும். கரையில் விழுகிற தையல் அப்படி இல்லை. வலது கைக்காரிக்கு ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரிக்கு எதிர்ப்பக்கம் சாயும். போர்வையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். கல்யாணப் போர்வையிலும் பிள்ளைப் போர்வையிலும் நொட்டாங்கைத் தையல் விழுந்தால் வீடு விளங்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எலி கடித்த போர்வைக்கு எந்தக் கையானால் என்ன?

தங்கைக்கு இருபத்து நாலு வயதானபோது சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கோயில் திருநாளுக்கு வந்தவன் இவளைப் பார்த்துவிட்டுப் போய்த் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். நகை வேண்டாம், நட்டு வேண்டாம், பெண் தன் கையாலேயே தைத்த கல்யாணப் போர்வை ஒன்று வேண்டும். அதைத் தானே வந்து பார்ப்பாளாம். பிடித்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிவிடலாம்.

அதற்கு முன் வந்த மூன்று சம்பந்தங்களும் நகையில்தான் முறிந்திருந்தன. இவள் வயதுப் பெண்களுக்கு மூன்று நான்கு பிள்ளைகள் ஆகிவிட்டன. இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் புதுநன்மை வாங்கியபோது போட்ட கவுனை வெட்டி நடுவில் வெள்ளைச் சதுரமாக வைத்தாள். ரயிலடியிலிருந்து தோட்டம் எவ்வளவு தூரம் இருக்கும், அங்கே பூசை மாதத்துக்கு எத்தனை தரம் நடக்கும், தோட்டத்து வீட்டில் கோழி வளர்க்க விடுவார்களா என்று என்னை நச்சரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் போன பிறகு நீ என்ன செய்வாய் அக்கா என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. ஒருவேளை கேட்டிருந்தால் நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

அவள் போய்விட்டால் புது வேலை போய்விடும். வெற்றிலை, வாழைப்பழம், சிரிப்பு எல்லாம் அவள் பின்னாலேயே போய்விடும். நான் சாகிறவரை ஊரார் மூத்திரத்தைப் பிரித்துத் தைக்க வேண்டும். எனக்கு இருந்த பயம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

போர்வை முடிந்ததும் மடித்து, வெள்ளை நூலால் கட்டி, அலமாரியில் வைத்தாள். முடித்த கல்யாணப் போர்வையைத் தைத்தவள் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை, வாங்குகிறவர்கள்தான் கட்டவிழ்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களோடு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாளுக்குப் புறப்பட்டாள். இந்தக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று நேர்ச்சை. போய்வர இரண்டு நாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் நான் கதவைச் சாத்தினேன். கட்டை அவிழ்த்து, நான்கு பக்கமும் அவள் போட்ட கரைத் தையலைப் பிரித்தேன். நூலை இழுத்துக் கிழிக்கவில்லை, ஒவ்வொரு தையலாக வெட்டி எடுத்தேன். பிறகு அதே மாதிரி நூலால், அதே துளைகளை ஒட்டி, என் இடது கையால் தைத்தேன். இரண்டு பகல் ஆனது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் தைத்ததே இல்லை. கோணல் இல்லை, சுருக்கம் இல்லை. தையல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. மறுபடி மடித்து, அவள் கட்டிய மாதிரியே கட்டி வைத்தேன். அவள் சாயங்காலம் வந்து எனக்கு மாதா படம் ஒன்று தந்தாள். வலது கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார்கள். ரயிலில் அக்கரையிலிருக்கும் பிறை ஸ்டேஷன்வரை வந்து, கப்பலில் கடலைத் தாண்டி, வெயிலில் நடந்து வந்திருந்தாலும் அந்த அம்மாளின் சேலையில் ஒரு கசங்கல் இல்லை. மகனும் கூட வந்த ஒரு பெரியப்பாவும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அம்மாள் தானே கட்டவிழ்த்தாள். வெள்ளைச் சதுரத்தைத் தடவிப் பார்த்து, நல்லா இருக்கு என்றாள். தங்கையின் முகம் சிவந்தது. பிறகு அந்த அம்மாள் போர்வையைத் திருப்பினாள். கரையை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஒரு பக்கம் பார்த்துவிட்டு அடுத்த பக்கம், அதன் பின் மீதி இரண்டு.

"இத முழுக்க யாரு தச்சது?" என்று என்னைக் கேட்டாள்.

"எல்லாம் அவதாங்க. நான் பழசு தைக்கிறவ. இதுல கையே வைக்கல."

"பொண்ணு நொட்டாங்கையா?"

தங்கை சிரித்தாள். இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் கரையை அவள் பக்கம் நீட்டினாள். தங்கை பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவளுக்கு அது யார் கை என்று தெரியாமல் போகுமா? ஒரு தையலை விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. சொல்லிப் பாரேன், யார் நம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க," என்றாள் தங்கை. "எனக்கு நொட்டாங்கைதான்."

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. எந்தக் கையால சிலுவை போடுவே என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். மகன் ஏதோ முணுமுணுத்தான், பெரியப்பா அவன் முழங்கையைப் பிடித்தார். காப்பி ஆறிப்போய் இருந்தது. அதை நான்தான் குடித்தேன், வீணாக்க மனமில்லை.

அவர்கள் போன பிறகு அவள் அழுவாள், என்னை ஏசுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் போர்வையை எடுத்துப் போய் என் கட்டிலில் விரித்தாள். ஓரத்தைச் செருகி, கையால் நீவிவிட்டாள். அதுவரை நீ, வா, போ என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தவள், "அக்கா, சாப்பிட வாங்க" என்றாள்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த அம்மாளுக்கு இங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் நொட்டாங்கைக்காரியிடமா பிள்ளைப் போர்வை வாங்கினோம் என்று பெண்கள் கோயில் வாசலிலேயே பேசினார்கள். தங்கள் வீட்டுப் போர்வையின் கரையை எடுத்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். கோபம் வந்தவர்கள் எங்கே பார்க்கிறார்கள்? புது வேலை நின்றுபோனது. தங்கை எனக்குக் கொண்டுவந்த நல்ல பெயரை நானே என் கையால் பிரித்துப் போட்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் ஒருத்தி வந்தாள். மூன்று மாதத்துக் குழந்தையைப் பறிகொடுத்தவள். கையில் நாங்கள் தைத்துக் கொடுத்த பிள்ளைப் போர்வை. அதைத் தங்கையின் முகத்திலேயே விட்டெறிந்தாள்.

"உன் கை பட்டதுலதான் எம்புள்ள போச்சு. ஏன்டி சொல்லல? ஏன்டி சொல்லல?"

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மூன்று அடி எடுத்து வைத்தால் முன்னறை. அந்தப் போர்வை முழுக்க வலது கையால் தைத்தது, இவளுக்கு இடது கையில் பழக்கமே கிடையாது, நான்தான் அது என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. நான் அதை இறக்கி வைத்தேன். முன்னறையில் தங்கை அந்தப் பெண்ணின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இருக்கவில்லை. தங்கச்சி தச்ச தையலப் பிரிச்சேன் சாமி என்றேன். சாமியார் பிரெஞ்சுக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். ஆமாம், தைத்துவிட்டேன் என்றேன். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர்மேல் குற்றமில்லை, மேற்கொண்டு கேட்டுவிடப் போகிறாரே என்று நான்தான் அவசரமாக எழுந்து வந்தேன்.

தங்கை ஊசியை விடவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் நாள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். நாலு வயதுப் பிள்ளை தைத்த மாதிரி கோணலும் மாணலுமாக, விரலெல்லாம் ரத்தப் புள்ளியாக உட்கார்ந்து பழசு தைத்தாள். பழசு கொண்டுவருகிறவர்களும் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். அவள் தைத்ததை நான் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. பிறகு கூட்டுவது, குழம்பு கிண்டுவது, தலைவாருவது எல்லாமே அந்தக் கைதான். கடைசியில் சோறு.

இடது கையால் சோறு போடுவதை எங்களில் நாய்க்குக்கூடச் செய்யமாட்டார்கள். அவள் தினமும் மூன்று வேளையும் எனக்குப் போட்டாள். முகத்தில் கோபம் கிடையாது. போதுமா அக்கா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா அக்கா என்று கேட்டுக் கேட்டுப் போடுவாள்.

நாலு வருஷம் கழித்துக் கெப்பாலா பத்தாஸ் பக்கம் சர்க்கார் ஆபீஸில் பியூனாக இருந்த ஒருவர் பெண் கேட்டு வந்தார். பெண்டாட்டி இறந்தவர், இரண்டு பிள்ளைகள். எந்தக் கையாக இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டால் போதும் என்றார். எனக்கு ஒரேயடியாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. இவள் போய்விட்டால் போதும் என்று அன்றைக்கு நான் மனதாரக் கும்பிட்டேன். அவள் வாசலுக்கே வந்து அவரிடம் மரியாதையாகச் சொன்னாள், அக்காவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று.

அன்று மத்தியானம் தட்டில் சோறு விழுந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"வலது கையால போடேன்டி. ஒரு நாளைக்காவது."

அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "நொட்டாங்கைன்னு நீங்கதான அக்கா தச்சுக் குடுத்தீங்க," என்றாள். பிறகு குழம்பை ஊற்றி, அளவு சரியா என்று கேட்டாள்.

சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.