நடு ஆட்டத்துக்கு விடுகைப் பத்திரம்

மீன் ரோல்ஸ் தின்றுகொண்டேதான் அந்த முடிவை எடுத்தார்கள். பிளாக்டவுனில், பழைய மாணவர் சங்கத் தலைவர் வீட்டுக் கராஜில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எட்டுப் பேர் கொண்ட செயற்குழு. அதில் பந்தைக் காலால் தொட்டவர்கள் என்னோடு சேர்த்து இரண்டு பேர். மற்ற ஆறு பேருக்கும் இருந்த ஒரே தகுதி, எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள் என்பது. விரல் எண்ணெயைத் துடைத்த கடதாசியிலேயே ஒருவர் அணியின் பெயர்களை எழுதத் தொடங்கினார்.

சிட்னியில் ஒவ்வொரு வருடமும் இலங்கையின் வடக்கிலுள்ள பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஓர் உதைபந்தாட்டப் போட்டி வைக்கும். பள்ளிக்கு ஓர் அணி. எங்கள் அணியைப் பத்து வருடத்துக்கு மேலாக நடத்தியவர் ஒரே ஆள். அவர்தான் கப்டன், அவர்தான் பயிற்சியாளர், நடுவில் நின்று பந்தை வாங்கி இடமும் வலமும் பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான். நாற்பத்தாறு வயதில் அவர் அதிகம் ஓடமாட்டார். பந்தை ஓட வைப்பார். நான் கோல் காப்பவன். பின்னால் நின்று பார்ப்பவனுக்குத்தான் அப்படிப்பட்ட ஆளின் அருமை தெரியும். போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, பயிற்சியில், ஒருவரும் மோதாமலே அவர் திரும்பினார். முழங்கால் திரும்பவில்லை. புல்லில் கிடந்தபடி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "நடுவுக்கு அவனை விடுங்கோ. வேற ஒருத்தரையும் யோசிக்காதேங்கோ."

எல்லோரும் தலையாட்டினோம். நான் எல்லோரையும்விட வேகமாக ஆட்டினேன்.

அவன் என்று கப்டன் சொன்ன ஆள், கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்பவன். படகில் வந்தவன். முப்பத்தைந்து தாண்டியும் தற்காலிக விசாவிலேயே காலம் தள்ளுபவன். இரண்டு வருடமாக எங்களோடு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தான். போட்டி நடக்கும் சனிக்கிழமையில் அவனுக்கு ஒருபோதும் லீவு கிடைத்ததில்லை. அந்த வருடம்தான் ஆரோ ஒருவனுக்குப் பதிலாக இரண்டு வாரம் வேலை செய்து, அந்த ஒரு சனிக்கிழமையை மாற்றி வாங்கியிருந்தான். பந்து அவன் காலுக்கு வந்தால் எங்கள் ஆட்கள் தாங்களாகவே முன்னால் ஓடத் தொடங்குவார்கள். வந்து சேரும் என்ற நம்பிக்கை. கப்டனுக்குப் பிறகு வேறு யாரிடமும் அதை நான் பார்த்ததில்லை.

எங்கள் கல்லூரியில் அவன் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை படித்தான். பிறகு குடும்பம் வன்னிக்குப் போனது. போரில் வீடும் போயிற்று, வீட்டோடு கடதாசிகளும் போயின. அவன் படித்தது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது நான் மாணவத் தலைவன். பாட நேரத்தில் மதில் ஏறிப் பந்தடிக்கப் போனதற்காக அவனை மைதானத்தில் வெயிலில் முழங்காலில் நிறுத்தியவனே நான்தான். பிளாக்டவுன் மைதானத்தில் முதல் நாள் என்னைக் கண்டதும் அவன் கேட்டான்: "அண்ணை, நீங்கள்தானே என்னை முழங்காலில விட்டனீங்கள்?" இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கராஜுக்கு வருகிறேன். முதலில் புதிய பயிற்சியாளரைத் தெரிவு செய்தார்கள். உபதலைவரை. அவர் கல்லூரியில் கிரிக்கெட் அணியில் இருந்தவர், அதிலும் பன்னிரண்டாவது ஆள். விடிய எழும்பி ஐரோப்பிய ஆட்டங்கள் எல்லாம் பார்ப்பவர் என்பதுதான் அவருக்குச் சாதகமாகச் சொல்லப்பட்ட காரணம். அப்படிப் பார்த்தால் என் மனைவி சமையல் நிகழ்ச்சி பார்ப்பதற்கு நட்சத்திர ஹோட்டல் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒருவரும் மறுக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமி, நடு ஆட்டத்துக்குத் தன் தங்கையின் மகனைப் போடலாம் என்றார். பல் வைத்தியம் படிக்கும் பிள்ளை. பிறந்தது சிட்னி வெஸ்ட்மீட், படித்தது இங்கே தனியார் பள்ளியில். எங்கள் கல்லூரியின் வாசலைக்கூட அவன் கண்டதில்லை. ஆனால் அவனுடைய தகப்பன் பழைய மாணவர். விதிப்படி பழைய மாணவரும் விளையாடலாம், பழைய மாணவரின் பிள்ளையும் விளையாடலாம்.

நான் கப்டன் சொன்னதைச் சொன்னேன். அதுவரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது. உடனே ஒருவர் கேட்டார், அவர் எங்கட பள்ளிக்கூடம்தானோ என்று. இன்னொருவர், வன்னிப் பெடியன் எல்லோ என்றார். பயிற்சியாளர் மிகவும் மரியாதையாக, மற்றச் சங்கங்கள் கேள்வி கேட்டால் எங்களுக்குத்தானே அவமானம், அவரிடம் விடுகைப் பத்திரம் இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். போரில் செத்தவர்களுக்கே மரணச் சான்றிதழ் இல்லாத ஊர். அங்கிருந்து தப்பி வந்தவனிடம், கராஜில் குந்தியிருந்து, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் கேட்டார்கள். அந்த வார்த்தையை இவ்வளவு சுத்தமாக உச்சரிக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தலைவர் நல்லவர் மாதிரி ஒரு வழி சொன்னார். சங்கத்தின் யாப்பு விதிகளில் இடம் இருக்கிறதாம். பத்திரம் இல்லாவிட்டால், அதே காலத்தில் படித்த உறுப்பினர் ஒருவர் கையெழுத்து வைத்தால் போதும். "ஆராவது அவரோட படிச்சனீங்களோ?" என்று சுற்றிப் பார்த்தார்.

அந்தக் கராஜில் அந்தக் காலத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். நான் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன். அது ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. அதையும் சேர்த்து விழுங்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு கிழமை முன்னர், ஹெலன்ஸ்பர்க் கோயில் உணவுச்சாலையில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது, தலைவர் என் தோளில் கை போட்டு, "அடுத்த முறை தலைவர் நீர்தான் தம்பி. உபதலைவருக்கும் சம்மதம்" என்று சொல்லியிருந்தார். அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு இராப்போசனம், மேடையில் ஒரு கதிரை, குத்துவிளக்கின் ஒரு திரியைக் கொளுத்தும் உரிமை. இதற்காக ஒரு மனிதனின் நான்கு வருடப் படிப்பை இல்லையென்று ஆக்கினேன். வேறு யாராவது செய்திருந்தால் காறித் துப்பியிருப்பேன். என்மேல் நானே துப்ப முடியாததால் பற்களை மட்டும் அன்று இரண்டு தரம் தீட்டினேன்.

அடுத்த பயிற்சியில் அவன் என்னிடம் வந்தான். கப்டன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "அண்ணை, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்" என்றான். நான் "பாப்பம்" என்றேன். பாப்பம் என்றால் நடக்காது என்று எங்கள் ஆட்களில் தெரியாதவர் உண்டா? அவனுக்கும் தெரிந்தது. ஆனாலும் அந்த மூன்று வாரமும் அவன் பயிற்சிக்கு வந்தான். வந்து, தன் இடத்தில் விளையாடப்போகும் அந்தப் பல் வைத்தியப் பிள்ளைக்கு, பந்தை வாங்குமுன் தோளுக்கு மேலால் எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்தான். அந்தப் பிள்ளையே இரண்டு தரம் மாமனிடம் போய், தனக்கு இந்த இடம் வேண்டாம், அந்த அங்கிளைப் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான். மாமன் அவனுக்குத் தன்னம்பிக்கை பற்றி விளக்கினார்.

புதிய பயிற்சியாளர் பளபளக்கும் தோல் சப்பாத்தோடு வருவார். புல் ஈரமென்றால் காருக்குள்ளேயே இருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். முன்னேறி அழுத்த வேண்டும், இடைவெளியை மூட வேண்டும். இருபது மீற்றர் ஓடினால் நெஞ்சைப் பிடிக்கும் ஆட்களிடம் அழுத்தச் சொல்கிறார். அவர் பந்தைத் தொட்டதை ஒரே ஒருமுறை கண்டேன். காருக்குக் கீழே உருண்டு போனதைக் குடையால் தட்டி வெளியே எடுத்தார். ஆட்களோ அவரைத் திட்டி எனக்குத் தனியாகச் செய்தி போடுவார்கள், குழுவில் கைகூப்பிய படம் போடுவார்கள். அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர்கள் மேலும் வெறுப்பு வந்தது. எந்த முகத்தோடு வெறுத்தேன் என்று கேட்காதீர்கள்.

போட்டி நாள் காலை முதல் ஆட்டம். நாலுக்குப் பூச்சியம். நாலு முறை வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தவன் நான். நடுவில் ஓர் ஓட்டை, அதற்குள்ளால் அவர்கள் நடந்தே வந்தார்கள். பாவம், அந்தப் பிள்ளை. பந்து வரும்போதெல்லாம் மாமனைப் பார்த்தான். மாமன் கோட்டுக்கு வெளியே நின்று இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பின்னேர ஆட்டத்திலும் தோற்றால் வெளியே. அதற்கு முன் பட்டியலில் ஒருவரைச் சேர்க்கலாம் என்று போட்டி விதியில் இருந்தது. தலைவர் ஒரு படிவத்தோடு ஓடிவந்தார். பின்னால் பயிற்சியாளர். யாப்பு, விடுகைப் பத்திரம், மற்றச் சங்கங்களின் கேள்வி, ஒன்றும் இப்போது அவர்கள் வாயில் இல்லை. தலைவர் பேனையை என் கையில் திணித்தார். "தம்பி, உமக்கு அவரைத் தெரியும்தானே?" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கராஜில் கேட்டபோதே தெரிந்திருக்கிறது. என் வாய் திறக்காது என்பதும் தெரிந்தே கேட்டிருக்கிறார். அப்படியிருந்தும் ஒரு காரின் பொனற்றில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரமாக வராத ஞாபகம் மூன்று விநாடியில் வந்தது. எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்றுகூட எழுதினேன்.

அவன் மரத்தடியில், ஊன்றுகோல்களோடு இருந்த கப்டனுக்குப் பக்கத்தில் இருந்தான். மாற்றி வாங்கிய சனிக்கிழமையை வீணாக்காமல் ஆட்டம் பார்க்க வந்திருந்தான். நான் ஜேர்சியையும் படிவத்தையும் நீட்டினேன். எல்லாம் சரியாக்கிவிட்டேன் என்று ஏதோ பெரிய காரியம் செய்தவன்போலச் சொன்னேன். அவன் படிவத்தை வாங்கி அவசரமில்லாமல் ஆறுதலாக வாசித்தான். என் கையெழுத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மடித்துத் திருப்பித் தந்தான்.

"வேண்டாம் அண்ணை," என்றான். "நாலு கோல் வாங்கினாப் பிறகுதான் நான் உங்கட பள்ளிக்கூடத்தில படிச்சனானோ?"

குரலை உயர்த்தவில்லை. நான் கப்டனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

இரண்டாவது ஆட்டமும் தோற்றோம். அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அடுத்த மாதம் பொதுக்கூட்டத்தில் என் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தவர் பயிற்சியாளர். கல்லூரிக் கால விடயங்களை என்னைப்போல ஞாபகம் வைத்திருப்பவர் சிட்னியில் வேறொருவரும் இல்லை என்று புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நன்றி சொன்னேன்.